இருபத்து மூன்றாம் நாளின் தவணை

ஜனவரி 9

வாலு,

நீ அனுப்பிய ஏழாயிரம் நான்காம் தேதி வந்தது. என் ஐயாயிரத்தையும் சேர்த்து, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் கொடுத்த சிமெண்டுக் கடை முதலாளியிடம் கட்டிவிட்டேன். இத்துடன் அம்மாவின் இருபதாம் நாள் முடிந்தது. இன்னும் மூன்று நாள் பாக்கி.

உடனே முகத்தைச் சுளிக்காதே. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்து மூன்று நாளுக்கும் தனித்தனியாகக் கொடுத்த பில்களை நான் வரிசையாகக் கோர்த்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஒரு நாளுக்கு ஆன தொகையை அடைத்ததும் அந்த நாளின் பில்லைக் கிழித்துப் போடுவேன். மொத்தக் கடனைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நாள் நாளாகப் பார்த்தால்தான் மூச்சு விட முடிகிறது. ரசீதிலும் "இருபதாம் நாள்" என்று எழுதச் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் எவ்வளவு பாக்கின்னு கேப்பாங்க. நீ ஒருத்திதாம்மா எந்த நாள் பாக்கின்னு கேக்கற" என்றார்.

பொது வார்டில் இருந்த பதினேழு நாளும் சீக்கிரம் ஓடிவிட்டன. நாளுக்கு நாலாயிரம், மாதத்துக்கு மூன்று நாள். தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோன பிறகு நாளுக்கு இருபத்து நாலாயிரம். ஒரே ஒரு நாளை அடைக்க நமக்கு இரண்டு மாதம். அங்கே கொண்டுபோகச் சொன்னது யார் என்று நான் எழுதப் போவதில்லை. எழுபத்திரண்டாயிரம் மிச்சம். ஜூலை முப்பத்தொன்றுக்குள் கட்டாவிட்டால் வீடு முதலாளிக்கு என்று கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தைக் கொடுத்திருக்கிறோம். ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது.

உன் மாமா சம்பளத்தில் வட்டி, கரண்ட் பில், குட்டியின் பள்ளிக் கட்டணம் மூன்றும் போய்விடுகின்றன. என் சலவைக் கடைச் சம்பளத்தில் தவணை போக மிஞ்சுவதில்தான் அடுப்பு எரிகிறது. பாலை அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராக்கிவிட்டேன். காலையில் பால் ஊற்றிய டீ, மாலையில் டீ காட்டிய தண்ணீர் என்று மாமா கிண்டல் செய்கிறார். சோப்பை நான்காக அறுத்து, ஒரு துண்டு தீர்ந்தால்தான் அடுத்ததை வெளியே எடுக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. ஒரு நாளை அடைத்தால் அந்த நாள் வீட்டுக்கு வருகிறது. பன்னிரண்டாம் நாள் அம்மா, "அந்த ஃபேனை நிறுத்துடி, தலைக்குள்ள சுத்துது" என்று சொன்னாளே, அந்த நாளைக் கட்டிவிட்டு வந்த மாலையில் நம் வீட்டு ஃபேன் நின்றுவிட்டது. மாமா எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, கழற்றிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. "உங்கம்மா செத்தும் எனக்கு ஓவர்டைம் குடுக்கறாங்க" என்றார். நானும் சிரித்தேன். இருபதாம் நாள் நீ அந்த அறையிலிருந்து ஓடி வந்து, "அம்மா என் விரலைப் புடிச்சாக்கா!" என்று கத்தினாய். நேற்று கடையில் துணிக்கு நம்பர் துண்டு குத்திக்கொண்டிருந்தபோது யாரோ என் சுண்டுவிரலைப் பிடித்தார்கள். அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

அக்கா


ஜனவரி 24

அக்கா,

"யார் என்று எழுதப் போவதில்லை" என்று எழுதியே எழுதிவிட்டாய். ஆமாம், நான்தான். பதினேழாம் நாள் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். நீ உடனே துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாய். "காசுக்காக அம்மாவைக் கொல்றியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். கேட்டது தப்பு. கையெழுத்துப் போட்டது தப்பில்லை. இன்னும் ஆறு நாள் அம்மா உயிரோடு இருந்தாள். அந்த ஆறு நாளுக்காகத்தான் இந்த மீன் கிடங்கில் நிற்கிறேன்.

குளிர் அறையில் பெட்டி அடுக்குகிற வேலை. இரண்டு கையுறை போட்டாலும் விரல் மரத்துவிடும். வெளியே வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேனா பிடிக்க முடியும், அதனால் என் கையெழுத்தைப் பார்த்து நக்கல் வேண்டாம். சம்பளம் வந்ததும் முதலில் உனக்கு ஏழாயிரம். அடுத்து ஆறு பேர் படுக்கும் அறைக்கு என் பங்கு வாடகை. மிச்சத்தை நான்கு வாரத்துக்கு நான்கு காகித உறையில் போட்டு வைக்கிறேன். மூன்றாவது உறையில் இரண்டாவது வாரமே கை வைத்துவிடுகிறேன். கடைசி வாரம் ஒரு ரொட்டி பாக்கெட்டை இரண்டு நாள் ஓட்டுவேன். பக்கத்துக் கட்டில்காரி தன் டீயில் பாதியை என் தம்ளரில் ஊற்றிவிட்டுப் போவாள். நன்றி சொன்னால் கோபம் வரும் அவளுக்கு.

செத்தவர்கள் தவணை பார்த்து வர மாட்டார்கள் அக்கா. அந்த ஃபேன் பழசு. உனக்குத் தூக்கம் போதவில்லை. அந்த நாட்களைப் பற்றி எனக்கு எழுதாதே. ஒரு முறை அங்கே நின்றது போதும். எவ்வளவு கட்டினாய், எவ்வளவு மிச்சம், அதை மட்டும் எழுது.

ஜூலையில் கடன் முடிந்ததும் இந்த வேலையை விட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்து பத்து நாள் வெயிலில் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை எழுப்பக் கூடாது.

வாலு


ஏப்ரல் 3

வாலு,

கட்டியது இருபத்து நாலாயிரம். மிச்சம் நாற்பத்தெட்டாயிரம். நீ கேட்டபடி எழுதிவிட்டேன். இனி நான் எழுத நினைப்பதை எழுதுகிறேன்.

இருபத்தோராம் நாள் முடிந்தது. அன்றைக்கு அம்மாவின் பாதம் எவ்வளவு சில்லென்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நாம் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தேய்த்தோம். நாம் பேசிக்கொள்ளவே இல்லை, தேய்க்க மட்டும் செய்தோம். அந்த நாளைக் கட்டிவிட்டு வந்த அன்று மதியம், அம்மா படுத்த கட்டிலில் விரிப்பு மாற்றினேன். கால்மாட்டில் மட்டும் சில்லென்று இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. குட்டி தன் போர்வையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகத்தான் போட்டாள். "ஏன்டி?" என்றால் "குளுருமில்ல" என்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று நினைக்காதே. பயம் இல்லை. பாதி மாதம் எண்ணெய் இல்லாமல் தாளித்து, நடந்தே கடைக்குப் போய், ஒவ்வொரு ரூபாயாகப் பிடித்து வைத்து ஒரு நாளை அடைக்கிறேன். அதற்கு அம்மா ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறாள். எனக்கு அது நஷ்டமாகப் படவில்லை.

உன் விரலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு வை. உன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

இந்த மாதத்திலிருந்து பத்தாயிரம் அனுப்புகிறேன். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி வாரத்துக்கு இரண்டு ஷிஃப்ட் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். "ஜூலையோட போயிடுவேன், அதுவரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் வேலை குடுங்க" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவாவது நான் ஜூலையில் கிளம்ப வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மாதம் பதினைந்து கட்டினால் ஜூலை முதல் வாரத்திலேயே கடன் தீரும். அந்த மிச்ச பில்களைக் கொளுத்திவிடு. சிமெண்டுக் கடைக்காரரிடம் நாள் எழுதாத ரசீது வாங்கு. குட்டியை அந்தக் கட்டில் பக்கம் விடாதே. நீ பேசுவதைக் கேட்டுத்தான் அவள் போர்வை போடுகிறாள்.

அன்றைக்கு நாம் பேசிக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் பேசினேன். "அக்கா, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். நீ தலையைத் திருப்பிக்கொண்டாய்.

வாலு


ஜூன் 6

வாலு,

பணம் வந்தது. இந்த மாதம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இருபத்திரண்டாம் நாள் இன்னும் முழுதாக முடியவில்லை. குட்டிக்குச் செருப்பு அறுந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் ஐந்து நாள் முன்பே தீர்ந்தது. கூரையில் ஓரிடத்தில் ஒழுகி, ஆளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. கடையில் ஒரு வாடிக்கையாளரின் சட்டையில் இஸ்திரிப் பெட்டி பட்டு, அதற்கு என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

மழை இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் ஒழுகுகிறது. அம்மாவின் தலையணை நனைந்து போயிருந்தது. ஒரே ஒரு ஓரம்தான்.

எதற்கும் அவசரப்படாதே. ஜூலை முப்பத்தொன்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கூடுதல் ஷிஃப்டை விட்டுவிடு.

அக்கா


ஜூன் 20

அக்கா,

மழை இல்லை, கூரை மட்டும் ஒழுகியதா? செருப்பும் சிலிண்டரும் சட்டையும் எல்லாமாகச் சேர்த்தாலும் மூவாயிரத்தைத் தாண்டாது. என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா?

முதலாளிக்குப் போன் செய்தேன். "இருபத்திரண்டாம் நாள் மே மாசமே முடிஞ்சிடுச்சும்மா. அப்புறம் உங்கக்கா இந்தப் பக்கமே வரல. ரெண்டு தடவை தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனதை நான் பாத்தேன்" என்றார். "தேதி ஞாபகம் இருக்கட்டும்" என்றும் சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார்.

ஏப்ரலும் மேயும் நான் பத்துப் பத்து, நீ ஐந்து ஐந்து. முப்பது. அவர் வாங்கியது இருபத்து நான்கு. ஆறு எங்கே? இந்த மாதப் பதினைந்து எங்கே? போன வாரம் கிடங்கில் மயங்கி விழுந்தேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். பெட்டிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தபோது, இன்னும் ஏழு வாரம்தான், ஏழு வாரம்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீ அதை எடுத்து என்ன செய்தாய்? வீடு போனால் குட்டியோடு எங்கே போவாய்? நான் எங்கே வருவேன்?

உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.


ஜூலை 2

வாலு,

பணம் எங்கேயும் போகவில்லை. இருபத்தோராயிரமும் அலமாரியில் துணிக்கடியில் இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் பொய். தலையணை நனைந்தது மட்டும் பொய்யில்லை, இருபத்திரண்டாம் நாள் அம்மாவின் கண்ணோரம் வழிந்து நனைந்த அதே ஓரம்.

இருபத்து மூன்றாம் நாள் காலை நீ குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாய். கவுண்டரில் கூப்பிட்டு, "இன்னிக்கு உள்ளதை பத்து மணிக்குள்ள கட்டிடுங்க" என்றார்கள். முந்தின நாள் முதலாளியிடம் கடன் வாங்கிய இருபத்து நாலாயிரம் என் பையில் இருந்தது. "சாயங்காலம் கட்டறேன், பணம் வரணும்" என்றேன். பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அந்த இருபத்து நாலாயிரத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசிக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு. நான்கு மாதம் வீட்டை ஓட்டலாம் என்று வந்தது. வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம்தான், வேறு வார்த்தை இல்லை. இரண்டேகால் மணிக்கு நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாள். அதன் பிறகு கவுண்டருக்குப் போய்ப் பணத்தைக் கட்டினேன். எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

நான் கட்டாததால்தான் எதையாவது நிறுத்தினார்களா என்று அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஒவ்வொரு நாளாக வந்துகொண்டிருக்கிறது வாலு. இதையும் கட்டினால் இதுவும் வரும். அம்மா வந்து என் பக்கத்தில் உட்காருவாள். "காசு கையிலதானேடி இருந்துச்சு?" என்று கேட்பாள். நான் என்ன சொல்வேன்? தெருமுனை வரை போகிறேன். கால் நகர மாட்டேன் என்கிறது. வீடு போகும் என்று தெரிகிறது. நீ விழுந்தாய் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியும் கால் நகரவில்லை.

உன் மாமாவுக்கு இது தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா


ஜூலை 10

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு திட்ட முடியவில்லை, ஏனென்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது.

இருபதாம் நாள் அம்மா என் விரலைப் பிடிக்கவில்லை. நான்தான் அம்மாவின் கையை எடுத்து என் விரலைச் சுற்றி வைத்தேன். அது அப்படியே நழுவி விழுந்தது. அங்கிருந்த நர்ஸ், "அவங்க எப்பவோ போயிட்டாங்கம்மா, மெஷின்தான் ஓடுது" என்று என்னிடம் சொன்னாள். வெளியே வந்தால் நீ உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும், நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால் கத்தினேன். அந்த ஒரு பொய்யால் இன்னும் மூன்று நாள். எழுபத்திரண்டாயிரம். ஜனவரியில் நீ மிச்சம் என்று எழுதிய அதே தொகை. படித்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது உள்ளே யாரும் இல்லை. நீ யாரையும் கொல்லவில்லை. இது எனக்குத் தெரியும், உனக்குத்தான் நான் சொல்லவில்லை.

தனியாகப் போகாதே. முப்பதாம் தேதி வருகிறேன், மூவாயிரத்தோடு. முப்பத்தொன்று காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கட்டுவோம். அம்மா வந்து கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

வாலு


ஆகஸ்ட் 8

அக்கா,

கிடங்குக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் வேலை பார்த்துக் கழித்தால்தான் பிடித்து வைத்த சம்பளத்தைத் தருவார்கள். மேற்பார்வையாளர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த முகத்துக்காகவே இன்னொரு மாதம் நிற்கலாம்.

பத்திரத்தை முதலாளி உன் கையில் கொடுத்தபோது நீ அழவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அன்று மாலை முழுக்க நீ கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். குட்டி பாடம் படித்தாள், மாமா ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார், நானும் நீயும் இருந்தோம். ஒன்றும் வரவில்லை. பார்த்தாயா?

ஒரு வேடிக்கை. சம்பளம் வந்த அன்று என் கை தானாகவே பழையபடி உனக்கு ஏழாயிரம் அனுப்பிவிட்டது. ரசீதைப் பையில் வைக்கும்போதுதான், கடன் முடிந்துவிட்டதே என்று உறைத்தது. பக்கத்துக் கட்டில்காரி சிரித்துச் சிரித்து இருமினாள். அதைத் திருப்பி அனுப்பு. என் வழிச் செலவு அதுதான். செப்டம்பர் ஐந்தாம் தேதி கிளம்புகிறேன்.

வாலு


ஆகஸ்ட் 20

வாலு,

திருப்பி அனுப்பலாம் என்றுதான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்றும் வரவில்லை, பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாய். பார்த்தேன். அதற்குப் பிறகும் தினமும் பார்த்தேன். ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது. கால்மாடு வெதுவெதுப்பாக இருக்கிறது. தலையணை காய்ந்துவிட்டது. பத்திரம் அலமாரியில் இருக்கிறது, வீடு நம்முடையது. அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

பணத்தோடு போகும் வழியில் கடையில் நின்றுவிட்டேன். அரை லிட்டர் பால் வாங்கினேன். அறுக்காத முழுச் சோப்பு, அம்மா தேய்க்கும் எண்ணெய், ஒரு புது விரிப்பு வாங்கினேன். குட்டியின் பழைய நோட்டில் "இருபத்து நான்காம் நாள்" என்று எழுதி, எதெது எவ்வளவு என்று கீழே போட்டேன். மீதிப் பணத்தை அந்தப் பக்கத்தில் வைத்து மூடினேன்.

சாயங்காலம் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து, "பால் பொங்குது பாருடி!" என்று சத்தம் கேட்டது. ஓடினேன். எனக்கு முன்னால் மாமா போய் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றார். என்னைப் பார்த்தார். இந்த முறை அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. குட்டி உள்ளே இருந்து, "யாரும்மா கத்துனது?" என்று கேட்டாள்.

அம்மா உன் விரலைப் பிடிக்கவில்லை, பொய் சொன்னேன் என்கிறாய். நம்புகிறேன். அப்படியென்றால் என் விரலைப் பிடித்தது என்ன? நடக்காததும் வருகிறது வாலு. கட்டினால் போதும்.

இருபத்தைந்தாம் நாளுக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரி இல்லை, மருந்து இல்லை. இருபத்து நாலாயிரம் எல்லாம் ஆகாது. ஆனால் என் சம்பளத்தில் மட்டும் முடியாது. நீ கிளம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு ஆகும் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 4

அக்கா,

உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி எனக்காக ஒரு முழு டீ வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அது ஆறிப்போகிற வரை கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இத்துடன் ஏழாயிரம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். என்னைக் கேட்டாளா என்று எழுது.

வாலு